சப்பாணி: கையில் பிறந்து காலில் விழுந்த சொல்

1977-இல் வந்த ‘16 வயதினிலே’ படத்தைப் பார்த்தவர்கள் அந்த இடத்தை மறந்திருக்க மாட்டார்கள். காலை இழுத்து இழுத்து நடக்கும் நாயகனுக்கு ஊர் வைத்த பெயர் சப்பாணி. ‘உன் பெயர் கோபாலகிருஷ்ணன், இனி எவனாவது சப்பாணி என்று கூப்பிட்டால் ஓங்கி ஓர் அறை விடு’ என்ற பொருள்பட நாயகி மயில் அவனுக்குச் சொல்லிக்கொடுப்பாள். பாரதிராஜாவின் அந்தப் படம் வந்தபோதே சப்பாணி என்பது வசைச்சொல்தான். இன்றும் அப்படித்தான்.

ஆனால் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னால் இதே சொல்லை ஆசை ஆசையாக ஒருவர் பாடியிருக்கிறார். அதுவும் ஒரு கோபாலகிருஷ்ணனுக்காகவே. ஒன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த பெரியாழ்வார், தம்மை யசோதையாகப் பாவித்துக்கொண்டு, ஆயர்பாடிக் குழந்தையைச் ‘சப்பாணி கொட்டு’ என்று கொஞ்சிக் கேட்க ஒரு பதிகம் முழுவதையும் ஒதுக்கினார். திருமங்கையாழ்வாரும் பெரிய திருமொழியில் அதே வேண்டுதலை ஒரு பதிகமாகப் பாடினார். அந்தப் பாட்டுகளில் சப்பாணிக்கும் காலுக்கும் தொடர்பே இல்லை. குழந்தை இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துத் தட்டுவதுதான் சப்பாணி.

சொல்லைப் பிரித்தால் இது விளங்கும். ‘பாணி’ என்றால் வடமொழியில் கை. சக்கரத்தைக் கையில் ஏந்தியவர் சக்கரபாணி, தண்டத்தை ஏந்தியவர் தண்டபாணி, மணமகளின் கையைப் பற்றுவது பாணிக்கிரகணம். ‘சக’ என்றால் கூட, உடன். ஒரு கையோடு இன்னொரு கை சேர்வது சகபாணி. அதுவே நாவில் தேய்ந்து சப்பாணி ஆயிற்று என்பது அறிஞர் பலரும் கொள்ளும் விளக்கம். தமிழில் ‘பாணி’க்குத் தாளம் என்ற பொருளும் உண்டு. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் அது அந்தப் பொருளில்தான் வருகிறது. கையும் தாளமும் ஒரே சொல்லில் கூடியிருப்பதால், குழந்தையின் முதல் கைத்தாளத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைத்திருக்காது.

பெரியாழ்வார் போட்ட விதை பிள்ளைத்தமிழ் என்ற தனி இலக்கிய வகையாக வளர்ந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் குலோத்துங்கன் பிள்ளைத்தமிழ் பாடினார். பதினேழாம் நூற்றாண்டில் குமரகுருபரர் மதுரை மீனாட்சியையே குழந்தையாக்கினார். பிள்ளைத்தமிழில் பொதுவாகப் பத்துப் பருவங்கள், பருவத்துக்குப் பத்துப் பாட்டு. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என முதல் ஏழு பருவங்கள் ஆண் குழந்தைக்கும் பெண் குழந்தைக்கும் பொது. ஐந்தாம் மாதம் கையூன்றித் தலைநிமிர்த்தி ஆடுவது செங்கீரை. ஒன்பதாம் மாதம் கைகொட்டுவது சப்பாணி. அதற்கும் பிறகுதான் நடந்து வரும் வருகை. குழந்தையைக் காக்கும்படி தெய்வத்தை வேண்டும் காப்பு நீங்கலாக, மற்றப் பருவங்களின் பெயர்கள் பெரும்பாலும் குழந்தை ஆடுவதையும் விளையாடுவதையும் தருவதையும் சொல்கின்றன. குழந்தையால் முடியாத ஒன்றை வைத்துப் பெயரிட்ட பருவம் எதுவுமில்லை.

அப்படியிருக்க, கையைக் குறித்த பெயர் காலுக்கு எப்படி இறங்கியது? இடையில் ஒரு படி இருக்கிறது. அதை இன்றும் யாழ்ப்பாணத்துப் பேச்சில் கேட்கலாம். நாம் சம்மணம் போட்டு உட்காருவதை அவர்கள் ‘சப்பாணி கட்டி இருப்பது’ என்பார்கள். தமிழ்நாட்டிலும் சம்மணத்துக்குச் சப்பணம் என்று இன்னொரு பெயர் உண்டு. சப்பை, சப்பட்டை என்று தட்டையைக் குறிக்கும் சொற்களும் ஒலியால் இதற்கு அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள். கைதட்டும் குழந்தை எப்படி இருக்கிறது என்று பாருங்கள்: காலை மடித்து, தரையில் சப்பென்று உட்கார்ந்துதான் தட்டுகிறது. கொட்டுதலின் பெயர் அந்த இருப்புக்கும் ஒட்டிக்கொண்டது என்பது என் கணிப்பு. பிறகு வளர்ந்தும் எழுந்து நடக்க முடியாமல் அதே இருப்பில் இருந்தவரை ஊர் அதே பெயரால் கூப்பிட்டது. தென் மாவட்டங்களில் சப்பாணிக் கருப்பு என்று காவல் தெய்வமே உண்டு. பிள்ளைகளுக்குச் சப்பாணி என்று பெயர் வைக்கும் வழக்கமும் இருந்தது. கும்பிட்ட ஊரே அந்தப் பெயரைச் சொல்லிக் கேலியும் செய்தது.

பிள்ளைத்தமிழ் சப்பாணிக்குக் குறித்த ஒன்பதாம் மாதத்தை மருத்துவம் எப்படிப் பார்க்கிறது? பிறந்த குழந்தையின் உள்ளங்கையில் விரலை வைத்தால் இறுகப் பற்றிக்கொள்ளும். அது தானாக நிகழும் அனிச்சைச் செயல். நான்கு முதல் ஆறு மாதத்துக்குள் மறைந்துவிடும். அது போனால்தான் விரல்கள் விருப்பப்படி விரியும். தசைக் கட்டுப்பாடு தலையிலிருந்து கீழ்நோக்கி இறங்குகிறது: முதலில் கழுத்து நிற்கும், பிறகு முதுகு, கடைசியில் கால். முதுகு நிற்காதவரை குழந்தைக்குக் கைதான் ஊன்றுகோல். பிடிமானமில்லாமல் உட்காரக் கற்ற அன்றுதான் இரு கைகளும் ஊன்றும் வேலையிலிருந்து விடுபடுகின்றன. அதன் பிறகே உட்கார்ந்தபடி தட்ட முடியும்.

கானா, இந்தியா, நார்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஐந்து நாட்டுக் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட கணக்கு ஒன்று உண்டு. நலமாக வளரும் குழந்தைகள் பிடிமானமில்லாமல் உட்காருவது 3.8 முதல் 9.2 மாதத்துக்குள். தனியாக நடப்பது 8.2 முதல் 17.6 மாதத்துக்குள். இரண்டு எல்லைகளும் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடம் ஒன்பதாம் மாதம். உட்காருவது முற்றி, நடப்பது இன்னும் பெரும்பாலானவர்களுக்கு வராத வேளை. கைதட்டும் வயது இன்றைய கணக்கில் ஒன்பது மாதத்தை ஒட்டித் தொடங்கி ஓராண்டைத் தாண்டியும் போகும். குழந்தைக்குக் குழந்தை முன்பின் இருக்கும். பிள்ளைத்தமிழ் மரபு சப்பாணிக்குக் குறித்த மாதம் அந்தத் தொடக்கத்தில் நிற்கிறது.

ஆகக் கொட்டும் கை, மடித்த கால், நடக்காத பாதம் என்று சொல்லின் மூன்று பொருளும் அந்த ஒன்பது மாதக் குழந்தையிடம் ஒன்றாக இருக்கின்றன. ஆழ்வார் அதன் கையைப் பார்த்தார். யாழ்ப்பாணம் அது உட்கார்ந்திருக்கும் அழகைப் பார்த்தது. வசைபாடியவர்கள் காலை மட்டும் பார்த்தார்கள். குற்றம் சொல்லின் மேல் இல்லை.

நடக்க இயலாதவரை அந்தப் பெயரால் அழைப்பதை அடியோடு விட்டுவிட வேண்டும். அதற்காகச் சொல்லையே தூக்கி எறிய வேண்டியதில்லை. அதன் பழைய வீட்டுக்கே திருப்பி அனுப்பலாம். உங்கள் வீட்டுக் குழந்தை தரையில் உட்கார்ந்து உங்கள் முகத்தைப் பார்க்கும்போது, ‘கை தட்டு’ என்பதற்குப் பதிலாக ஒருமுறை ‘சப்பாணி கொட்டு’ என்று சொல்லிப் பாருங்கள்.