சேரி

ஒருவரது பேச்சையோ நடத்தையையோ பழிக்கச் ‘சேரி’ என்பதை வசைச்சொல்லாக வீசும் கொடிய வழக்கம் இன்று சமூக ஊடகங்கள்வரை பரவியுள்ளது. ஆனால் ‘சேர்’ என்னும் வினையடியிற் பிறந்து, மக்கள் சேர்ந்து வாழும் குடியிருப்பு என்ற பொருளையே முதலில் தந்த அச்சொல்லில் இழிவு ஏதும் இருந்ததில்லை. சிலப்பதிகாரத்தின் புறஞ்சேரி மதுரை மதிலுக்கு வெளியே அறவோர் உறைந்த இடம். பிரமதேயமான, அதாவது பிராமணர்க்குக் கொடையாக அளிக்கப்பட்ட ஊரான உத்திரமேரூரில், குடவோலை முறையை விவரிக்கும் முதலாம் பராந்தக சோழன் காலக் கல்வெட்டு அவ்வூரின் 12 சேரிகளைப் பேசுகிறது. எனினும், முதலாம் இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டில், வரி நீக்கப்பட்ட நிலங்களின் வரிசையில், கம்மாளர் வாழ்ந்த கம்மாணசேரியோடு பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் இடம்பெறுவதால், குடியிருப்பின் எல்லை அக்காலத்திலேயே சாதியின் எல்லையாகவும் இறுகியிருந்தமை புலனாகும். பின்னர் அடைமொழிகள் உதிர்ந்து, ‘ஊர்’ பிறர்க்கும் ‘சேரி’ ஒடுக்கப்பட்டோர்க்கும் உரியவையாயின. வேளச்சேரி, புதுச்சேரி போன்ற பெயர்களில் மட்டும் பழம்பொருள் தங்கிற்று. மாற்றாக வந்த, வெறும் குடியேற்றத்தைக் குறித்த ‘காலனி’யும் அதே இழிவைச் சுமந்ததால், அதை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025இல் தமிழக அரசு அறிவித்தது வரவேற்கத்தக்கதே, ஆயினும் அதனிடத்தில் வழங்கத்தக்க ‘குடியிருப்பு’ என்னும் நல்ல சொல்லையும் ஊரின் ஒரு பகுதிக்கு மட்டும் ஒட்டினால் அதற்கும் அந்நிலையே நேருமாதலால், ஆவணத்திலும் பேச்சிலும் அதனை அனைவர்க்கும் பொதுவாகவே வழங்குதல் வேண்டும்.