போலீஸ் வேனிலிருந்து ஆம்புலன்ஸ் வரை

1/ 1960கள். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் நெஞ்சுவலின்னு கூப்பிட்டா வருவது போலீஸ் வேன்தான். பின்னாடி ஏத்திக்கிட்டு ஓட்டுவாங்க. வழியில் சிகிச்சை கிடையாது.

2/ 1967ல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக மயக்கவியல் மருத்துவர் பீட்டர் சஃபார், வேலை கிடைக்காத கறுப்பின இளைஞர்களைச் சேர்த்து சுமார் 300 மணி நேரப் பயிற்சி கொடுத்தார். மூச்சுப்பாதை, சிபிஆர், ரத்தப்போக்கு எல்லாம் பாடம். பள்ளிப்படிப்பு முடிக்காதவங்களும் இருந்தாங்க.

3/ அதுதான் ஃப்ரீடம் ஹவுஸ் ஆம்புலன்ஸ். இன்றைய பாராமெடிக் சேவைக்கு முன்னோடி.

4/ 1975ல் நகர நிர்வாகம் சொந்தமா சேவை தொடங்கி, இதை மூடிடுச்சு. பழைய ஆட்கள் பலர் ஓரங்கட்டப்பட்டாங்க. அவங்க தெருவில் செஞ்சு காட்டிய வேலைதான் பிறகு நாடு முழுக்கப் பாடமாச்சு.

5/ முதல் அஞ்சு நிமிஷம் காப்பாத்த டிகிரி வேணாம், பயிற்சி போதும். உங்க காலேஜ்ல சிபிஆர் வகுப்பு வெச்சா கட் அடிக்காதீங்க மக்களே!