ஆல்ஃபா முதல் ஜூலு வரை: கேட்பவரின் செவிக்காக உருவான சொல்வரிசை

வானொலித் தொடர்பில் எழுத்துகளைத் தவறின்றிச் சொல்லப் பயன்படும் ஆல்ஃபா, பிராவோ, சார்லி, டெல்டா முதலிய 26 சொற்களை உலகம் 'ஃபொனெட்டிக் ஆல்ஃபபெட்' என்று அழைக்கிறது. மொழியியல் பயின்றோருக்கு இப்பெயர் சற்று உறுத்தும். ஒலியை எழுத்தாக்குவது ஒலியியல் நெடுங்கணக்கு. இதுவோ எழுத்தைச் சொல்லாக்குகிறது. இரண்டும் எதிரெதிர்த் திசையில் செல்பவை. சொல்லின் முதலெழுத்தை அச்சொல்லாலேயே சுட்டும் முறை மிகப் பழையது. செமித்திய மொழிகளில் முதலெழுத்தின் பெயர் மாட்டையும், இரண்டாம் எழுத்தின் பெயர் வீட்டையும் குறித்தன. கிரேக்கர் அவற்றைக் கடன்வாங்கி ஆல்ஃபா, பீட்டா என்றனர். அந்த ஆல்ஃபாவும் டெல்டாவும் இருபதாம் நூற்றாண்டில் விமானியின் வாயில் மீண்டும் ஒலித்தன.

நாம் கேட்க வேண்டிய வினா வேறு. ஏன் குறிப்பாக இந்த 26 சொற்கள்?

முதலில் சிக்கலைப் பார்ப்போம். ஆங்கில எழுத்துப் பெயர்களில் பி, சி, டி, ஜி, வி ஆகியவை எல்லாம் ஈகாரத்தில் முடிகின்றன. வேறுபாடு முழுவதும் தொடக்கத்தில் நொடிப்பொழுதில் மறையும் மெய்யொலியில் இருக்கிறது. இரைச்சலில் முதலில் அழிவது அந்த மெய்யொலியே, உயிரொலி எஞ்சும். பழைய தொலைபேசித் தடம் ஏறத்தாழ 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலிகளையே கடத்தியது. 'எஃப்', 'எஸ்' ஆகியவற்றைப் பிரித்துக்காட்டும் உரசொலியின் ஆற்றலில் பெரும்பகுதி அந்த எல்லைக்கு மேலே இருப்பது. ஆகவே கேட்பவர் கவனக்குறைவானவர் அல்லர். அவருடைய செவிக்கு அவ்வேறுபாடு வந்து சேரவே இல்லை.

பிரித்தானியப் படையின் சமிக்ஞையாளர்கள் தொடக்கத்தில் குழப்பம் தரும் சில எழுத்துகளுக்கு மட்டும் 'ஆக்', 'எம்மா', 'பிப்', 'டாக்' போன்ற பெயர்களை வைத்துக்கொண்டனர். முதல் உலகப்போர்க் காலத்தில் முற்பகல் 'ஆக் எம்மா' ஆயிற்று. பிற்பகல் 'பிப் எம்மா' ஆயிற்று. பெல்ஜியத்தின் பொப்பெரிங்கே நகரில் வீரர்களின் ஓய்வில்லமாக 1915இல் திறக்கப்பட்ட டால்பட் இல்லம் 'டாக் ஹெச்' என்றே பெயர் பெற்றது. இவை ஒரு படைக்குள், ஒரே மொழி பேசுவோரிடையே போதுமானவையாக இருந்தன.

ஜெர்மனியின் அனுபவம் இன்னும் ஆழமான பாடம் தருகிறது. 1890ஆம் ஆண்டின் பெர்லின் தொலைபேசிக் கையேடு ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண்ணைத் தந்தது. எண் முறையில் சொல்பவரும் கேட்பவரும் பட்டியலை மனப்பாடம் செய்தாக வேண்டும். 1903இல் எண்களுக்குப் பதிலாக ஆட்பெயர்கள் வந்தன. பெயரைக் கேட்டவர் முதலெழுத்தை எடுத்துக்கொண்டால் போதும். நினைவுச் சுமை சொல்பவரிடம் மட்டுமே தங்கிற்று.

ஆனால் பெயர்கள் எண்களைப் போல் நடுநிலையானவை அல்ல. 1934இல் நாஜி ஆட்சியில் டேவிட், நாதன், சாமுவேல், சகரியாஸ் முதலிய விவிலியப் பெயர்கள் யூதப் பெயர்கள் என்று நீக்கப்பட்டன. நாதன் இருந்த இடத்தில் வட துருவத்தைக் குறிக்கும் 'நோர்ட்போல்' வந்தது. சாமுவேலின் இடத்தில் சீக்ஃப்ரீட் வந்தார். போருக்குப் பின் சில பெயர்கள் திரும்பின, 'நோர்ட்போல்' நிலைத்துவிட்டது. பல தலைமுறைகள் அதன் பின்னணி அறியாமலே அதைச் சொல்லிவந்தன. 2022இல்தான் அலுவலகப் பயன்பாட்டுக்கான ஜெர்மானியத் தரநிலை ஊர்ப்பெயர்களுக்கு மாறியது. எழுத்தைச் சுட்டுவதற்காக வைத்த சொல்லிலிருந்தும் ஒரு மக்கள் இனத்தை வெளியேற்ற முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க, பிரித்தானியப் படைகள் 'ஏபிள், பேக்கர், சார்லி, டாக்' என்னும் வரிசையைப் பொதுவாக்கிக்கொண்டன. செய்தி கிடைத்தது என்பதற்கு இன்றும் சொல்லப்படும் 'ரோஜர்', அவ்வரிசையில் 'ஆர்' எழுத்தின் பெயர். போர் முடிந்து பயணிகள் விமானங்கள் நாடுவிட்டு நாடு பறக்கத் தொடங்கியபோது இவ்வரிசையின் குறை வெளிப்பட்டது. அது ஆங்கிலச் செவிக்காக ஆக்கப்பட்டது.

1947இல் மான்ட்ரியல் நகரைத் தலைமையிடமாகக் கொண்டு செயல்படத் தொடங்கிய பன்னாட்டுக் குடிமை வான்போக்குவரத்து அமைப்பு, இப்பணியை மான்ட்ரியல் பல்கலைக்கழகத்தின் மொழியியலாளர் ழான்-பால் வினேயிடம் ஒப்படைத்தது. மொழிபெயர்ப்பியல் மாணவர்கள் இப்பெயரை அறிவர். டார்பெல்னேயுடன் இணைந்து 1958இல் பிரெஞ்சு, ஆங்கில நடைகளின் ஒப்பாய்வு நூலை எழுதியவர் இவரே. சொல் ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானியம் ஆகிய மூன்றிலும் வழக்கில் இருக்க வேண்டும். எம்மொழி விமானியும் எளிதில் ஒலிக்கவும் உணரவும் வேண்டும். வானொலியில் தெளிவாகக் கேட்க வேண்டும். விரும்பத்தகாத பொருள் கூடாது. இவை அவருடைய பணியின் நிபந்தனைகள்.

1951இல் நடைமுறைக்கு வந்த வரிசை உடனே இடறியது. 'நெக்டார்' என்றது 'விக்டர்' எனக் கேட்டது. 'டெல்டா'வும் 'எக்ஸ்ட்ரா'வும் குழம்பின. சிலர் பழைய வரிசைக்கே திரும்பினர். 31 நாட்டவரைக் கொண்டு மீண்டும் சோதனைகள் நடந்தன. கோகா, மெட்ரோ, நெக்டார், யூனியன், எக்ஸ்ட்ரா ஆகிய ஐந்து சொற்கள் மட்டும் சார்லி, மைக், நவம்பர், யூனிஃபார்ம், எக்ஸ்-ரே என மாறின. 1956 மார்ச் 1 முதல் இன்றுவரை அதே வரிசை நிலவுகிறது.

அச்சோதனைகளின் ஒரு முடிவு ஒவ்வொரு மொழியியல் வகுப்பிலும் சொல்லத்தக்கது. தனித்துச் சொன்னால் 'ஃபாக்ஸ்ட்ராட்' என்பதைவிட 'ஃபுட்பால்' நன்றாகக் கேட்டது. தொடர்ந்து பல எழுத்துகள் வரும்போதோ 'ஃபாக்ஸ்ட்ராட்' வென்றது. ஒரு சொல்லின் தகுதி அதனுள் இல்லை. மற்ற 25 சொற்களிலிருந்து அது விலகி நிற்கும் தொலைவில் இருக்கிறது. ஒலியனை நாம் வரையறுக்கும் முறையும் இதுவே. எழுத்துக்கூட்டல்கூட இந்நோக்கில் திருத்தப்பட்டது. 'பிஹெச்' என எழுதினால் எல்லா மொழியினரும் ஃபகரமாக வாசிப்பதில்லை என்பதால் ஆல்ஃபாவில் 'எஃப்' வந்தது. பிரெஞ்சுக்காரர் இறுதித் 'டி'யை விழுங்காதிருக்க ஜூலியட்டில் அது இரட்டித்தது.

இந்தியச் செவிக்கும் இதனால் பயன் உண்டு. ஆங்கிலத்தின் 'வி', 'டபிள்யூ' ஒலிகளை நம்மில் பலர் ஒன்றாகவே ஒலிக்கிறோம். விக்டர், விஸ்கி என்பவை ஒரே அசையில் தொடங்கினாலும் இரண்டாம் அசை அவற்றைப் பிரித்துவிடுகிறது. தமிழ் எழுத்தில் 'பி'யும் 'ப'வும் ஒரே பகரம். ஆயினும் பிராவோவும் பாப்பாவும் ஒருபோதும் குழம்பா. எனினும் எந்தப் பட்டியலும் எல்லா மொழிக்கும் பொருந்திவிடாது. மலாய் மொழியில் 'லிமா' என்றால் ஐந்து.

மனப்பாடம் செய்வோருக்கு ஒன்று. வரிசையாக ஒப்பிப்பது பயன்பாட்டுக்கு உதவாது. வாகன எண்களையும் நண்பர் பெயர்களையும் கண்டபடி எடுத்துச் சொல்லிப் பழக வேண்டும். தொலைபேசியில் 'என் ஃபார் நாகர்கோவில்' என்கிறோம். கொல்கத்தாவில் கேட்பவருக்கு அந்த ஊர்ப்பெயர் இன்னொரு புதிர். நமக்கு எளிதான சொல்லை அவர் தலையில் சுமத்துகிறோம்.

தமிழ் எழுத்துகளுக்கு இத்தகைய வரிசை அமைக்க இயலுமா? தொல்காப்பியம் கூறும் மொழிமுதல் விதிப்படி 18 மெய்களில் பாதி சொல்லுக்கு முதலில் வாரா. ழகரத்தில் தொடங்கும் தமிழ்ச்சொல் இல்லை. முதலெழுத்து முறை அங்கே நின்றுவிடுகிறது. நம் மரபு வேறு வழி கண்டது. டண்ணகரம், தந்நகரம், றன்னகரம் என்ற பெயர்கள் ஒவ்வொரு மூக்கொலியையும் அதற்குரிய அண்டை வல்லினத்தால் சுட்டுகின்றன. எழுத்தை அதன் உறவால் அடையாளம் காட்டும் அந்த முறையை இரைச்சல் நிறைந்த தடத்தில் சோதித்துப் பார்ப்பது ஒலியியல் மாணவர் எவருக்கும் நல்ல ஆய்வுப்பொருள். சோதிக்கும்போது வினேயின் குழுவினர் கற்ற பாடத்தை மறக்க வேண்டாம்: பட்டியலைச் சொல்பவர் எழுதலாம், அது தேறியதா என்று கூற வேண்டியவர் கேட்பவர்.