ஈ.சி.யில் வராத அக்கா

காலை நடையில் என்னோடு வரும் நண்பர் போன வாரம் கைபேசியை என் முன்னால் நீட்டினார். எந்த நாடு மக்களின் சொத்தை எவ்வளவு நன்றாகப் பாதுகாக்கிறது என்று ஆண்டுதோறும் மதிப்பெண் போட்டு வெளியிடுகிறார்களாம். வீடு, நிலம் என்று கண்ணுக்குத் தெரியும் சொத்துக்கு ஒரு மதிப்பெண். புத்தகம், மருந்து, இயந்திரம் என்று மூளையில் பிறந்த சொத்துக்கு இன்னொன்று. ஃபின்லாந்து, சிங்கப்பூர் எல்லாம் மேலே. நாம் நடுவாக்கில் எங்கோ. "ஏன் சார் நாம மட்டும் இப்படி?" என்றார். மூன்று சுற்று நடந்தும் பதில் சொல்லி முடியவில்லை. மீதியை இங்கே எழுதுகிறேன்.

நிலத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் சொந்த அனுபவம் உண்டு. வங்கியில் வீட்டுக்கடன் பிரிவில் பல வருடங்கள் இருந்தேன். மேஜை மேல் வந்து விழும் கட்டு எப்போதும் ஒன்றுதான்: கிரயப் பத்திரம், மூலப்பத்திரங்கள், முப்பது வருட வில்லங்கச் சான்று, பட்டா, வரி ரசீது, வாரிசுச் சான்று. அத்தனையும் பார்த்து வக்கீல் லீகல் ஒப்பீனியன் கொடுத்த பிறகும், கையெழுத்துப் போடும்போது பேனா ஒரு கணம் நிற்கும். காரணம் இருக்கிறது. நம்முடைய 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் பத்திரத்தைத்தான் பதிகிறது, உரிமையை அல்ல. இன்னார் இன்னாருக்கு எழுதிக் கொடுத்தார் என்பதற்கு அது சாட்சி. எழுதிக் கொடுத்தவருக்கு அந்த இடம் சொந்தமா என்பதற்கு அது பொறுப்பில்லை. பட்டாவும் அடிப்படையில் வருவாய்த் துறையின் கணக்குதான். அதுவே உரிமை ஆகிவிடாது என்று நீதிமன்றங்கள் எத்தனையோ முறை சொல்லிவிட்டன.

ஒரு தலைமை ஆசிரியர் எங்கள் கிளைக்கு வந்தார். ஓய்வு பெற்றபோது கிடைத்த பணத்தில் மனை வாங்கி, பட்டா மாற்றி, ஆறு வருடம் வரியும் கட்டியிருந்தார். வீடு கட்டக் கடன் வேண்டும். கையில் எல்லாக் காகிதமும் சரியாக இருந்தது, கூடவே அந்த வாரம் வந்த கோர்ட் நோட்டீஸ் ஒன்றும் இருந்தது. மனையை விற்றவர் தனக்கு ஒரு அக்கா இருந்ததைச் சொல்லவே இல்லை. அப்பா உயில் எழுதாமல் இறந்தவர். மகளுக்கும் சம பங்கு உண்டு. அவர் பாகம் கேட்டு வழக்குப் போட்டிருந்தார். ஈ.சி.யில் அக்கா தங்கையெல்லாம் வரமாட்டார்கள். கடன் தர முடியாது என்று அவரிடம் சொன்னது நான்தான். அவர் கோபப்படவில்லை, காகிதங்களை வரிசையாக அடுக்கி, ரப்பர் பாண்டு போட்டு எடுத்துக்கொண்டு போனார். வழக்கு முடியும்போது அவர் இல்லை. தீர்ப்பை மகன்தான் வாங்கினான்.

இதே தலைவலி 19ஆம் நூற்றாண்டில் தெற்கு ஆஸ்திரேலியாவிலும் இருந்தது. அங்கே ராபர்ட் டாரன்ஸ் என்று ஒருவர். அயர்லாந்தில் பிறந்தவர், அடிலெய்டில் சுங்கத் துறையில் வேலை பார்த்தவர், வக்கீல் இல்லை. கப்பல் கைமாறும்போது என்ன செய்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும். கப்பலுக்கு ஒரு பதிவேடு உண்டு. அதில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சொந்தக்காரர். நிலத்துக்கும் அப்படியே செய்தால் என்ன என்று கேட்டார். வக்கீல்கள் கடுமையாக எதிர்த்தார்கள் (எதிர்க்காமல் இருப்பார்களா!). ஆனாலும் 1858-இல் சட்டம் வந்தது. ஒவ்வொரு நிலத்துக்கும் பதிவேட்டில் ஒரு பக்கம். அந்தப் பக்கத்தில் இருக்கும் பெயரை நம்பி நேர்மையாக வாங்கியவனின் உரிமைக்கு அரசே உத்தரவாதம். மூலப்பத்திரத்தைத் தேடி அலைய வேண்டாம். அதனால் யாருக்காவது உரிமை பறிபோனால் ஈடு கொடுக்கத் தனியாக ஒரு நிதி. எங்கள் தலைமை ஆசிரியர் அங்கே வாங்கியிருந்தால் மனை அவருக்கு நின்றிருக்கும். அக்காவுக்கும் நஷ்டஈடு கேட்க வழி இருந்திருக்கும். நியூசிலாந்து, மலாயா, பின்னர் சிங்கப்பூர் என்று இந்த முறை பரவியது.

இதை அப்படியே கைதட்டி வரவேற்கவும் எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பதிவேட்டின் முதல் பக்கம் பிரிட்டிஷ் அரசு கொடுத்த மானியத்திலிருந்து தொடங்குகிறது. அதற்கு முன்னால் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அங்கே வாழ்ந்த பழங்குடிகளுக்குப் பக்கமே கிடையாது. அவர்களுக்கும் நிலத்தில் உரிமை இருந்தது என்று ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் ஒப்புக்கொண்டது 1992-இல்தான், மாபோ வழக்கில்.

பணக்கார நாடுகள் எல்லாம் நிலப் பதிவைச் சரிசெய்துவிட்டன என்றும் நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் நம்மைப் போலவே பத்திரத்தைத்தான் பதிகிறார்கள். உரிமையில் பிசகு வந்தால் ஈடு கொடுக்க அவர்களுக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி இருக்கிறது. 1876-இலேயே ஃபிலடெல்ஃபியாவில் தொடங்கிவிட்டார்கள். நம் பக்கத்தில் ஆந்திராவில் டாரன்ஸ் பாணியில் ஒரு சட்டம் போட்டுப் பார்த்தார்கள். நிலம் பறிபோய்விடும் என்ற பயம் பரவித் தேர்தல் பிரச்சினையாகி, ஆட்சி மாறியதும் 2024-இல் ரத்து செய்துவிட்டார்கள்.

மூளைச் சொத்தின் கதை வேறு மாதிரி. இன்று நமக்கு மதிப்பெண் போடுகிறவர்களின் பழைய ரிப்போர்ட் கார்டைப் பார்த்தால் சிரிப்பு வரும்.

நூற்பு இயந்திரத்தையும் அதை ஓட்டத் தெரிந்தவர்களையும் நாட்டை விட்டு வெளியே விடக்கூடாது என்று இங்கிலாந்து சட்டம் போட்டிருந்தது. 1789-இல் சாமுவேல் ஸ்லேட்டர் என்ற 21 வயது இளைஞர் இயந்திரத்தின் அமைப்பை மனப்பாடமாகக் கொண்டுபோய் அமெரிக்காவில் ஆலை போட்டார். அங்கே அவர் தொழில்துறையின் தந்தை. பிறந்த ஊரில் துரோகி.

புத்தகமும் அப்படித்தான். 1790-இல் அமெரிக்கா போட்ட பதிப்புரிமைச் சட்டம் உள்ளூர் எழுத்தாளர்களுக்கு மட்டும். சார்ல்ஸ் டிக்கன்ஸ் 1842-இல் அங்கே போனபோது அவர் நாவல்கள் வீட்டுக்கு வீடு இருந்தன, ஆனால் விற்ற பிரதிக்கு அவருக்குச் சேர வேண்டிய பணம் கிடைக்கவில்லை. விருந்துகளில் அதைப் பற்றிப் பேசியதற்குப் பத்திரிகைகள் அவரைப் பணத்தாசை பிடித்தவர் என்று திட்டின. கடைசியில் அடிபட்டது அமெரிக்க எழுத்தாளர்களும்தான். காசு கொடுக்காமல் அச்சிட்ட இங்கிலீஷ் நாவல் மலிவாகக் கிடைக்கும்போது உள்ளூர்க்காரன் புத்தகத்தை யார் வாங்குவார்கள்? வெளிநாட்டாருக்கும் உரிமை தரும் சட்டம் 1891-இல் வந்தது. அதிலும், அச்சுக்கோப்பு அமெரிக்காவில்தான் நடக்க வேண்டும் என்று ஒரு கொக்கி. பதிப்புரிமைக்கான பெர்ன் உடன்படிக்கையில் இந்தியா 1928-இலேயே உறுப்பினர், அதுவும் வெள்ளைக்காரன் ஆட்சியில். அமெரிக்கா சேர்ந்தது 1989-இல்!

நெதர்லாந்து 1869-இல் காப்புரிமைச் சட்டத்தையே எடுத்துவிட்டது. மீண்டும் கொண்டுவந்தது 1912-இல். நடுவில் 1891-இல் பிலிப்ஸ் கம்பெனி பிறந்து, யாருக்கும் உரிமைத்தொகை கொடுக்காமல் பல்பு செய்து வளர்ந்தது. சுவிட்சர்லாந்தின் 1888 சட்டம் மாதிரி செய்து காட்டக்கூடிய பொருளுக்கு மட்டும் காப்புரிமை தந்தது. சாயத்துக்கும் மருந்துக்கும் என்ன மாதிரி காட்டுவது? ஜெர்மனி நெருக்கியதால் 1907-இல்தான் ரசாயனச் செய்முறைகளுக்கும் உரிமை கொடுத்தார்கள். அதற்குள் பேசல் நகரத்து சாயக் கம்பெனிகள் காலூன்றிவிட்டன. அவற்றில் சிபா, கெய்கி, சாண்டோஸ் மூன்றும் காலப்போக்கில் ஒன்றாகி 1996-இல் நோவார்ட்டிஸ் ஆயின.

நாமும் அதே பாடத்தைத்தான் படித்தோம். சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்த என். ராஜகோபால அய்யங்கார் 1959-இல் ஓர் அறிக்கை கொடுத்தார். இந்தியாவில் பதிவான காப்புரிமைகளில் மிகப் பெரும்பாலானவை வெளிநாட்டாருடையவை, அவற்றிலும் பெரும்பாலானவற்றை இங்கே பயன்படுத்துவதே இல்லை என்று எடுத்துக்காட்டினார். அதன் அடிப்படையில் வந்த 1970 சட்டம் மருந்துக்குக் காப்புரிமை இல்லை, செய்யும் முறைக்கு மட்டும்தான், அதுவும் ஏழு வருடத்துக்கு மேல் கிடையாது என்றது. நம் மருந்துக் கம்பெனிகள் வளர்ந்தது அந்த நிழலில். உலக வர்த்தக ஒப்பந்தப்படி 2005-இல் அந்த நிழல் போயிற்று.

உடனே வந்தது க்ளிவெக் வழக்கு. ரத்தப் புற்றுநோய் மருந்து. நோவார்ட்டிஸ் விலையில் மாதம் ஏறத்தாழ 1,20,000 ரூபாய். இந்தியக் கம்பெனிகள் செய்தது 10,000-க்குள். பல நோயாளிகளுக்கு நோவார்ட்டிஸ் இலவசமாகவும் கொடுத்தது, அதை மறைக்கக் கூடாது. காப்புரிமை கேட்டு அவர்கள் விண்ணப்பித்தது சென்னை அலுவலகத்தில். பழைய மருந்தின் புது வடிவம்தான், பலனில் முன்னேற்றம் இல்லை என்று 2006-இல் மறுத்துவிட்டார்கள். 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. பேசல்காரர்கள் சென்னையில் வந்து காப்புரிமைக்காக வாதாடியதை 1888-இல் அந்த ஊர் சாயக்காரர்களிடம் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டார்கள்.

ஆகவே அந்தப் பட்டியலின் இரண்டு மதிப்பெண்களையும் ஒன்றாகக் கூட்டுவதை நான் ஏற்கவில்லை. மருந்து விஷயத்தில் குறைந்த மதிப்பெண்ணுக்கு நாம் வெட்கப்பட வேண்டியதில்லை. நில விஷயத்தில் மட்டும் எனக்குச் சமாதானம் சொல்லத் தெரியவில்லை.

இதையெல்லாம் நேற்று நண்பரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, மகன் செங்கல்பட்டுப் பக்கம் மனை பார்த்திருப்பதாகவும், பத்திரங்களை நான் ஒருமுறை பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருகிறார். விற்பவருக்கு அக்கா தங்கை எத்தனை பேர் என்று கேட்டுக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.