குளவியும் குதிரையும்

இத்தாலி நாட்டின் வடக்கேயுள்ள மிலான் நகரிலிருந்து தெற்குக் கடற்கரையிலுள்ள தாரந்தோ நகர் வரை, கோடைக்காலத்தில் ஒரு விசித்திரமான பேரணி செல்வதுண்டு. அதில் ஓடுபவை பழைய மோட்டார் சைக்கிள்கள். 1937-ஆம் ஆண்டு முதல் 1956 வரை, யுத்தத்தை ஒட்டிய சில ஆண்டுகள் நீங்கலாக, இதே பாதையில் கடுமையான வேகப் பந்தயம் நடைபெற்றது. 1957-இல் மில்லே மில்லியா என்னும் கார் பந்தயத்தில் நேர்ந்த பெரும் விபத்துக்குப் பின்னர், பொதுச் சாலைகளில் இத்தகைய போட்டிகள் அந்நாட்டில் ஓய்ந்தன. முப்பது ஆண்டுகள் சென்று, 1987-இல், பழைய வண்டிகளைப் பேணுவோர் அதே பாதையை நினைவுப் பயணமாக மீண்டும் உயிர்ப்பித்தனர். இப்போது முந்திச் செல்வது நோக்கமன்று. தாத்தா காலத்து வண்டி வழியில் நின்றுவிடாமல் ஊர் போய்ச் சேருவதே பெருமை.

இச்செய்தி நமக்குத் தொலைவானதாகத் தோன்றலாம். ஆயினும் புனே நகரின் கிழக்கெல்லையிலுள்ள கராடியில் இத்தாலிய வண்டிகளைப் பேணுவோர் கூடினால், அங்கு வருபவை எவை என்று எண்ணிப் பாருங்கள். வெளிநாட்டு மோட்டார் சைக்கிள்கள் நெடுங்காலம் இறக்குமதிக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டிருந்தமையால், இத்தாலியின் புகழ்பெற்ற பந்தய வண்டிகள் நம் நாட்டுக்கு வந்தது மிக அரிது. நம்மிடம் வந்து தங்கியவை அவற்றின் எளிய தங்கைகளான ஸ்கூட்டர்கள். பலருடைய இல்லத்தில் நின்ற வண்டியே இந்த வரலாற்றின் ஒரு பக்கம் என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

இவை பிறந்த கதை சுவையானது. இரண்டாம் உலக யுத்தம் முடிந்தபோது இத்தாலியத் தொழிற்சாலைகள் பல குண்டு வீச்சில் இடிந்து கிடந்தன. மக்களுக்கு வேலைக்குப் போக வாகனம் இல்லை. தொழிற்சாலைகளுக்குச் செய்வதற்கு வேலை இல்லை. பொலோன்யா நகரின் டூகாட்டி நிறுவனம் 1926-இல் தொடங்கப்பட்டது வானொலிப் பெட்டிகளின் உறுப்புகளைச் செய்வதற்காக என்பது வானொலி நேயர்களாகிய உங்களுக்கு மகிழ்ச்சி தரும். யுத்தத்திற்குப் பின் அது சைக்கிளில் பொருத்தும் சிறிய எஞ்சின் ஒன்றைச் செய்து விற்றது. அதற்கு வைத்த பெயர் 'குச்சோலோ', அதாவது நாய்க்குட்டி. இன்று உலகப் பந்தயங்களில் உறுமும் டூகாட்டி, அந்த நாய்க்குட்டியிலிருந்து வளர்ந்ததே.

பொந்ததேராவில் விமானம் செய்துவந்த பியாஜியோ தொழிற்சாலை வேறு வழி கண்டது. அங்கிருந்த கொர்ராதினோ தஸ்கானியோ என்னும் எஞ்சினீயர் ஹெலிகாப்டர் ஆராய்ச்சியில் பெயர் பெற்றவர். மோட்டார் சைக்கிளைக் கண்டாலே பிடிக்காதவர். ஆகவே அவர் மோட்டார் சைக்கிளின் குறைகளையெல்லாம் விலக்கி ஒரு வண்டியை வரைந்தார். எண்ணெய் உடையில் படாதபடி எஞ்சினைத் தகட்டால் மூடினார். கால் வைக்கத் தட்டையான தளம் அமைத்தார். முன் சக்கரத்தை விமானச் சக்கரத்தைப் போல் ஒரு பக்கக் கையில் மாட்டி, எளிதில் கழற்றும்படி செய்தார். 1946 ஏப்ரல் 23-ஆம் தேதி அதன் காப்புரிமைக்கு விண்ணப்பம் செய்யப்பட்டது. அதற்கு இட்ட பெயர் 'வெஸ்பா', அதாவது குளவி. 1948-இல் அதே குடும்பத்தில் மூன்று சக்கர வண்டி ஒன்று பிறந்தது. அதன் பெயர் 'ஆப்பே', தேனீ. நம் ஊர்களில் ஓடும் ஆட்டோ ரிக்ஷா இந்தத் தேனீயின் வழித்தோன்றல். மிலானில் இரும்புக் குழாய் செய்துவந்த இன்னொசெந்தி நிறுவனம் 1947-இல் குழாய்களையே சட்டமாக்கி லாம்ப்ரெட்டாவை வெளியிட்டது.

இனி, இவை கடல் கடந்து வந்த வரலாறு. பஜாஜ் குடும்பத்தினர் 1945-இல் தொடங்கிய பச்ராஜ் டிரேடிங் கார்ப்பரேஷன், 1948 முதல் இரு சக்கர, மூன்று சக்கர வண்டிகளை இறக்குமதி செய்து விற்றது. பம்பாயில் ஆட்டோமொபைல் பிராடக்ட்ஸ் ஆப் இந்தியா நிறுவனம் 1950-களில் லாம்ப்ரெட்டாவைப் பூட்டி விற்கத் தொடங்கியது. 1959-இல் பஜாஜ் நிறுவனம் மத்திய அரசாங்கத்தின் உற்பத்தி உரிமம் பெற்றது. புனேயை அடுத்த ஆகுர்டியில் தொழிற்சாலை எழுந்தது; பியாஜியோவின் அனுமதியுடன் வெஸ்பா அங்கே உருவாயிற்று.

வண்டிக்கு இருந்த தேவையோ பெரிது, உற்பத்தி சிறிது. 1960-இல் மத்திய அரசாங்கம் ஸ்கூட்டர் விநியோகத்திற்கும் விற்பனைக்கும் தனிக் கட்டுப்பாட்டு உத்தரவே பிறப்பிக்க நேர்ந்தது. முன்பணம் கட்டிப் பதிவு செய்தவர்கள் பல ஆண்டுகள் காத்திருந்தார்கள். மகன் பள்ளியில் சேர்ந்தபோது பதிவு செய்த வண்டி, அவன் கல்லூரிக்குப் போகும்போது வந்தது என்று வேடிக்கையாகச் சொல்வார்கள்.

1971-இல் பியாஜியோவுடன் இருந்த ஒப்பந்தம் முடிந்தது. அடுத்த ஆண்டே அதே ஆகுர்டியிலிருந்து 'சேதக்' வெளிவந்தது. ராணா பிரதாப் சிங்கின் குதிரையின் பெயர் அது. குளவி குதிரையாயிற்று; உருவமும் உள்ளுறுப்பும் பெரும்பாலும் பழையவையே. லாம்ப்ரெட்டாவின் கதை இன்னும் விந்தையானது. இத்தாலியில் அதன் உற்பத்தி நின்றபோது, நம் அரசாங்கம் இயந்திரங்கள், வரைபடங்கள், வணிகப் பெயர் யாவற்றையும் வாங்கி, 1972-இல் லக்னோவில் ஸ்கூட்டர்ஸ் இந்தியா நிறுவனத்தை அமைத்தது. பிறந்த நாட்டில் மறைந்த வண்டி 1997 வரை கோமதி நதிக்கரை நகரில் உற்பத்தியாயிற்று. புகுந்த வீட்டில் பெயர் மாறினாலும் பிறந்த வீட்டுக் குணம் மாறாமல் வாழும் பெண்ணைப் போல், இவ்வண்டிகள் நம்மிடம் வாழ்ந்தன. வேற்று மாநிலம் வந்து குடியேறிய நமக்கு இவ்வாழ்க்கையைப் புரிந்துகொள்ளத் தனி விளக்கம் வேண்டுவதில்லை.

ஆகுர்டியில் ஸ்கூட்டர் உற்பத்தி 2007-இல் நின்றது. பின்னர் மின்சாரத்தால் ஓடும் புதிய வண்டிக்கு அதே சேதக் என்னும் பெயர் சூட்டப்பட்டு, 2022-இல் ஆகுர்டியிலேயே அதற்கான தொழிற்கூடம் திறக்கப்பட்டது. பெயர் பிழைத்தது, கியரைக் கைப்பிடியில் திருகி மாற்றும் அந்தப் பழைய இயந்திரம் பிழைக்குமா என்பதே கேள்வி.

இவ்விடத்தில் சட்டம் குறுக்கிடுகிறது. 2021 ஜூலையில் மத்திய அரசாங்கம் மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, ஐம்பது ஆண்டுகளைக் கடந்து, பெரிய மாற்றம் எதுவும் செய்யப்படாமல் மூல வடிவில் பேணப்படும் இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்கு 'விண்டேஜ்' என்னும் தனித் தகுதி வழங்கியது. மொழிபெயர்ப்புத் தொழிலில் இருக்கும் என்னை இச்சொல் சற்றே நிறுத்தியது. இது முதலில் திராட்சை அறுவடையைக் குறித்தது. பின்பு நல்ல ஆண்டின் மதுவைக் குறித்தது. அதன் பின்னரே வண்டிக்கு வந்தது. 'பழைய வண்டி' என்றால் மதிப்புக் குறைகிறது. 'தொன்மை வண்டி' என்றால் அருங்காட்சியகம் நினைவுக்கு வருகிறது. முதிர்ந்ததனால் சுவை கூடியது என்பதே அச்சொல்லின் உட்பொருள்.

புதிதாக இத்தகுதி பெறும் வண்டிக்கு வி.ஏ. என்னும் எழுத்துகள் கொண்ட பதிவெண் உண்டு. முதற் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். பத்து ஆண்டுகளுக்குச் செல்லும். மறு பதிவுக்கு 5,000 ரூபாய். முன்பே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. இவ்வண்டி அன்றாடப் போக்குவரத்துக்கோ வாடகைக்கோ சாலையில் ஓடலாகாது. காட்சி, ஆராய்ச்சி, பழைய வண்டிகளின் பேரணி, எரிபொருள் நிரப்புதல், பழுது பார்த்தல் ஆகியவற்றுக்கு மட்டுமே வெளியே வரலாம்.

கராடியில் நடந்த ஒரு சிறு கூட்டத்தில் இதுபற்றி ஒரு முதியவருடன் பேச நேர்ந்தது. ஈரோட்டுக்காரர், தம் தந்தையார் 1974-இல் வாங்கிய சேதக்கில் வந்திருந்தார். பெட்ரோல் கார்புரேட்டருக்கு இறங்குவதற்காக, அந்நாள் வழக்கப்படி வண்டியை ஒரு பக்கம் சாய்த்து நிமிர்த்திய பின்னரே உதைத்தார். "ஐயா, இதற்குப் புதிய தகுதி வாங்கவில்லையா?" என்று கேட்டேன். "தம்பி, அப்பா இதில் அரிசி மூட்டை கொண்டு வந்தார், என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போனார். திருவிழாவுக்கு மட்டும் வெளியே எடுக்க இது தேரா?" என்றார்.

அவர் கேள்வி நியாயமானது. தேர் ஆண்டுக்கு ஒருமுறை ஓடுவதற்கென்றே செய்யப்பட்டது. மற்ற நாளெல்லாம் நிலையில் நிற்பது அதற்குக் குறையன்று. ஸ்கூட்டரோ ஏழைத் தொழிலாளி நாள்தோறும் ஆலைக்குப் போவதற்காகப் பிறந்தது. அதைக் காப்பதற்காக அதன் வேலையைப் பறிப்பது முரண்தான். எனினும் மறுபக்கமும் உண்டு. பழைய இரட்டை வீச்சு எஞ்சின் பெட்ரோலோடு எண்ணெயையும் எரித்துப் புகை கக்குவது. நெரிசல் மிக்க நகரில் அது நாள்தோறும் ஓடுவது நலமன்று. அரசாங்கம் வகுத்த வழி, வண்டியைக் காயலான் கடைக்குப் போகாமல் காக்கும் வழி. வேறு வழியும் சட்டத்தில் உண்டு. பதினைந்து ஆண்டுகளைக் கடந்த வண்டியைத் தகுதிச் சோதனைக்கு உட்படுத்தி, ஐந்தைந்து ஆண்டுகளாகப் பதிவைப் புதுப்பித்துக்கொண்டு சாலையில் ஓட்டலாம். உள்ளூர்க் கட்டுப்பாடுகள் இருப்பின் அவற்றையும் அறிந்துகொள்ள வேண்டும். முதியவர் தேர்ந்தது இந்த வழி.

எவ்வழியை நாடினாலும் அடிப்படை ஒன்றே: காகிதங்கள். ஊரில் தந்தையார் பெயரில் இருக்கும் வண்டியை வாரிசு தம் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் அதை வைத்திருப்பதானால், பழைய பதிவு அலுவலகத்தின் மறுப்பின்மைச் சான்று பெற்று, புதிய மாநிலத்தில் பதிவு செய்ய வேண்டும் என்கிறது 1988-ஆம் ஆண்டுச் சட்டம். பதிவுப் புத்தகம் தொலைந்த வண்டி, எவ்வளவு அழகாகப் பூசி மெருகிட்டாலும், பேரணியில் நிற்கத் தகுதியற்றது. இயந்திரத்தின் எண்ணும் புத்தகத்தின் எண்ணும் ஒத்திருப்பதே அதன் குலச் சான்று.

ஆகவே நேயர்களே, ஊரில் திண்ணையோரம் சாக்குப் போர்த்தி நிற்கும் வண்டியை விற்பதா என்று வீட்டார் கேட்கும்போது, எடைக்கு என்ன விலை என்பதை முதலில் கேளாதீர்கள். அதன் புத்தகம் எங்கே என்று கேளுங்கள். தோல்வியுற்ற ஒரு நாட்டின் இடிபாட்டில் பிறந்து, கடல் கடந்து, ஆகுர்டியில் பெயர் மாறி, நம் குடும்பங்களைச் சுமந்த அந்த இயந்திரத்துக்கு இவ்வளவு விசாரணையாவது நாம் கடமைப்பட்டுள்ளோம்.