ஆற்றுக்கே எழுதிக் கொடுத்த படுகை



நாபோத் தன் திராட்சத்தோட்டத்தை ஆகாப் ராஜாவுக்குக் கொடுக்க மறுத்ததை அறிவீர்கள். அதைவிட நல்ல தோட்டம் தருவதாகவும், வேண்டுமானால் பணமே தருவதாகவும் ராஜா சொன்னான். நாபோத்துக்கோ அது விலைபேசும் நிலமன்று; பிதாக்களின் சுதந்தரம். நம் காலத்திலும் அப்படி நின்ற ஒரு ஜனத்தைக் குறித்து இவ்வாரம் சிந்திப்போம்.

நியூசிலாந்தின் வடக்குத் தீவில் ஏறத்தாழ 290 கிலோமீட்டர் ஓடுகிறது வாங்கனூயி ஆறு. அதன் கரைகளில் மாவோரி மக்கள் பல நூற்றாண்டுகளாக வாழ்ந்து வருகிறார்கள். ஆறும் தாங்களும் ஒன்றே என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் வார்த்தை. அவர்களுடைய நிலங்களும் மீன்பிடி இடங்களும் அவர்களிடமே இருக்கும் என்று 1840ஆம் ஆண்டின் வைத்தாங்கி உடன்படிக்கை வாக்களித்தது. ஆனால் பிற்பாடு நீராவிப் படகுகளுக்கு வழி திறப்பதற்காக, விலாங்கு பிடிக்க அவர்கள் கட்டியிருந்த மரத்தடுப்புகள் அகற்றப்பட்டன. 1970களில் மின்திட்டத்துக்காகத் தலைநீரே வேறு பக்கம் திருப்பப்பட்டது.

அவர்களுடைய மூப்பர்கள் 1870களிலேயே பாராளுமன்றத்துக்கு மனு எழுதினார்கள். 1938இல் ஆற்றுப்படுகைக்காக நிலநீதிமன்றத்தை நாடினார்கள். நீதிமன்றம் நீதிமன்றமாக நடந்த அவ்வழக்கு 1962இல் தோல்வியில் முடிந்தது. அதன் பின்னும் அவர்கள் ஓயவில்லை.

படுகை யாருடையது என்ற கேள்வியை மட்டுமே அந்நீதிமன்றங்கள் அறிந்திருந்தன. 2017 மார்ச்சில் இயற்றப்பட்ட சட்டமோ வேறொரு விடை தந்தது. மலைமுதல் கடல்மட்டும் ஆறு பிரிக்கவியலாத உயிருள்ள ஒரே முழுமை என்றும், சட்டத்தின் முன் அது ஒரு நபர் என்றும் அறிவித்தது. படுகையில் அரசின் வசமிருந்த பகுதிகள் அவ்வாற்றுக்கே உரியனவாயின. அதன் சார்பில் பேச இருவர் நியமிக்கப்படுகிறார்கள்: ஒருவரை அம்மக்களும் மற்றவரை அரசும் முன்மொழிகிறார்கள்.

ஆயினும் எல்லாம் சீரடைந்துவிட்டது என்று எண்ணாதிருங்கள். ஏற்கெனவே இருந்த உரிமங்களைச் சட்டம் தொடவில்லை. மின்திட்டத்துக்கு நீர் இன்னும் திருப்பப்படுகிறது. காவலரின் வேலை அங்கேதான் தொடங்குகிறது.

முதல் மனுவில் கையொப்பமிட்டவர்களுள் ஒருவரும் 2017ஐக் காணவில்லை. விதைத்தவர் ஒருவர், அறுத்தவர் வேறொருவர். நீங்கள் இன்று நியாயத்துக்காக எழுதும் ஒரு விண்ணப்பம் பலனின்றிக் கிடப்பதுபோலத் தோன்றலாம். அதைக் கைவிடாதிருங்கள், உங்கள் பிள்ளைகளின் கையில் ஒப்புவியுங்கள்.