கடல் தாண்டி வந்த பவர் பத்திரம்



போன வாரம் சிங்கப்பூரிலிருந்து என் மாணவன் ஒருவன் பேசினான். இங்கே திண்டுக்கல்லில் அவர்கள் வீட்டுப் பாகப்பிரிவினை வழக்கு. "சார், அங்கே வராமல் வீடியோவிலேயே சாட்சி சொல்ல முடியுமா?" என்றான். உன் வக்கீலைக் கேளப்பா என்றேன். ஆனால் வரலாறு எடுத்த வாத்தியாருக்கு வாய் சும்மா இருக்குமா?

நம் பக்கத்துச் சிவகங்கை ஜமீன் வழக்கைப் பாருங்கள். ஜமீன்தார் இறந்தது 1829-ல். மகள் காத்தம நாச்சியாருக்கு லண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்புச் சொன்னது 1863-ல். அத்தனை வருடமும் கப்பலில் போய்விடவில்லை. உள்ளூர்க் கோர்ட்டுகளில் அலைந்ததே அதிகம். ஆனாலும் கட்டுக் கட்டாகக் காகிதம் கடல் தாண்டித்தான் ஆக வேண்டும். 1870-ல் கடலடித் தந்திக் கம்பி பம்பாய்க்கு வந்தது. அதன்பின் சேதி சீக்கிரம் வந்தது, காகிதம் மட்டும் கப்பலிலேயே வந்தது. 1949-ல் பிரிவி கவுன்சில் அப்பீலே முடிந்துபோனது.

என் வீட்டுக் கதையும் இதுதான். 1988-ல் தங்கை கல்யாணத்துக்காக ஒட்டன்சத்திரம் பக்கம் இருந்த பூமியை விற்க முடிவு செய்தோம். மலேசியா ஈப்போவில் இருந்த பெரியண்ணன் இரண்டே நாளில் "விற்கச் சம்மதம்" என்று தந்தி கொடுத்துவிட்டார். தந்தியை வைத்துப் பத்திரம் பதிய முடியுமா? அவர் லீவு எடுத்து, கோலாலம்பூர் போய், நம் தூதரகத்தில் பவர் எழுதி அனுப்பி, அது வந்து சேர்வதற்குள் வாங்க வந்தவர் வேறு நிலம் பார்த்துப் போய்விட்டார். அம்மாவின் நகையை அடகு வைத்துத்தான் கல்யாணம் நடந்தது. அண்ணன் இருந்தவரை அவரிடம் இதைச் சொல்லவில்லை.

2003-ல் பிரபுல் தேசாய் வழக்கில் சுப்ரீம் கோர்ட் ஒரு கதவைத் திறந்தது. அமெரிக்காவில் இருக்கும் டாக்டர் ஒருவர் மும்பை கோர்ட்டுக்கு வீடியோவில் சாட்சி சொல்லலாம், நேருக்கு நேர் என்றால் உடம்போடு வந்து நிற்க வேண்டியதில்லை என்றது. கொரோனா காலத்தில் அதுவே சாதாரணமாகிவிட்டது.

பத்திரம் மட்டும் இன்னும் அப்படியே. அபோஸ்டில் ஒப்பந்தத்தில் இந்தியா 2005-லும் சிங்கப்பூர் 2021-லும் சேர்ந்ததால் தூதரக அலைச்சல் குறைந்தது. ஆனால் அசல் இங்கே வந்தாக வேண்டும், வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வையும் கட்ட வேண்டும்.

மாணவனிடம் அதைத்தான் சொன்னேன்: சாட்சி எப்படியும் சொல்லிக்கொள்ளலாம், பவர் எழுதுவதாக இருந்தால் இன்றைக்கே ஆரம்பி. பெரியண்ணன் பிள்ளைகளும் இதைப் படிப்பார்கள். படிக்கட்டும்.